டிசம்பர் எட்டாந் திகதி மழை

சாய்ந்தமருதில் கடலுக்கு முதுகைக் காட்டி, வயல் வட்டையைப் பார்த்தபடி கிடக்கிற கடைசித் தெருவில், ஓர் அரிசி ஆலையின் மதிலோடு ஒட்டினாற்போல இருக்கிறது சிபானாவின் வீடு. ஆலையும் வீடும் முன்பு ஒரே வளவுக்குள் இருந்தவைதான். வாப்பா உயிரோடிருக்கும்போதே ஊர் வழக்கப்படி வீட்டை மகளுக்கு எழுதிவிட்டு, ஆலையை மகன் கையில் கொடுத்தார். மகன் ஸைனுலாப்தீன் சிபானாவுக்குப் பத்து வயது மூத்த அண்ணன், அவள் வாயில் காக்கா. கல்யாணம் முடித்துக் கல்முனையில் மனைவி வீட்டோடு போய்விட்டாலும், விடிந்தால் ஆலைக்கு வந்துவிடுவார். நடுவில் எழும்பிய மதிலில் ஒரு தகரக் கதவு வைத்தார்கள். பத்து மணித் தேத்தண்ணியை அந்தக் கதவால் வந்து தங்கச்சியின் குசினியில்தான் காக்கா குடிப்பார்.

சிபானாவின் புருஷன் றிஸ்வான் கட்டாரில் சாரதி. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். ஒரே பிள்ளை, மகள் றிப்னா. சிபானாவுக்கு ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வுகூட உதவியாளர் வேலை. காலையில் பஸ் பிடித்து, காரைதீவு, நிந்தவூர் தாண்டிப் போய் இறங்குவாள். கண்டுபிடிக்கிற வேலை அவளுக்கு அங்கே கிடையாது. கண்டுபிடிக்கிறவர்களுக்குக் குடுவை கழுவிக் கொடுக்கிற வேலை. அதை அவளைப் போல யாரும் செய்வதில்லை என்று பெயர். குழாய்த் தண்ணீரில் ஒரு தடவை, அமிலத்தில் ஒரு தடவை, காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று தடவை. அவள் கழுவி வைத்த போத்தலுக்குள் ஒரு விரல் ரேகைகூட இருக்காது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு செப்டெம்பரில் அந்த ஆய்வுகூடத்துக்கு விதுஷா வந்தாள். பெரியநீலாவணைப் பிள்ளை, வயது இருபத்தெட்டு. மழைத் தண்ணீரைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்திருக்கிறாள் என்றதும் சிபானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மழத் தண்ணில என்ன மிஸ் இரிக்கி பாக்க? அதவிடச் சுத்தமான தண்ணி எங்க இரிக்கி?"

விதுஷா கோபப்படவில்லை. ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போய், கடலுக்கு மேலே கூடி நின்ற மழைக் கருக்கலைக் காட்டினாள்.

"சும்மா தண்ணி ஆவி தானா ஒரு துளியாகாது அக்கா. ஒட்டிக்கொள்ள அதுக்கு ஒரு தூசு வேணும். கடலுப்போ, புகைத் தூளோ, மண்ணோ, ஏதோ ஒண்டு. ஒவ்வொரு துளிக்குள்ளயும் அப்பிடி ஒண்டு இருக்கு. பிறகு அந்தத் துளி சும்மா இருக்காது. பக்கத்தில போற வாயுவை எல்லாம் உறிஞ்சும். நிலக்கரி எரிக்கிற இடத்திலயும் கப்பல்லயும் இருந்து வாற கந்தகப் புகை இருக்கே, அது வெறுங் காத்தில மாற நாள்க்கணக்காகும். மேகத்துக்குள்ள பூந்தா கொஞ்ச நேரத்தில மாறிடும்."

"என்னவா மாறும்?"

"முதல்ல அமிலமா. அதுக்குள்ள நம்மட வட்டையில போடுற யூரியாவில இருந்து கிளம்புற அமோனியாவும் வந்து சேரும். ரெண்டும் சேர்ந்து ஒரு உப்பாகும்."

"பிறகு பெய்ஞ்சிரும்."

"அதான் இல்ல. முக்கால்வாசி மேகம் பெய்யிறதேயில்ல அக்கா. அப்பிடியே காஞ்சு கரைஞ்சிடும். தண்ணி போயிடும், உள்ள உண்டான உப்புத் தூள் காத்திலயே நிண்டிடும். வாயுவாப் போனது தூளா வெளிய வரும். அத இன்னொரு மேகம் பிடிக்கும். இப்பிடிப் பூந்து பூந்து எங்கயோ கிளம்பினது எங்கயோ வந்து விழும்."

சிபானா அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. விதுஷா மழைத் தண்ணீர் பிடிக்கிற போத்தல்கள் வைக்க இடம் தேடியபோது, தன் வீட்டுக் கூரைக் கொங்கிரீட் தட்டில் வைக்கச் சொன்னதும் அவள்தான். ஒலுவிலில் ஒன்று, சாய்ந்தமருதில் சிபானா வீட்டில் ஒன்று, பெரியநீலாவணையில் விதுஷாவின் வீட்டில் ஒன்று. காலை எட்டரைக்குப் புதுப் போத்தலை வைத்து, மறுநாள் எட்டரைக்கு எடுத்து மூடி, திகதி எழுத வேண்டும்.

திகதி எழுதுகிற வேலையை றிப்னா எடுத்துக்கொண்டாள். பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறும் வந்து, வளாகத்துக்குக் கூப்பிடுவதைப் பார்த்திருந்த காலம். உம்மாவின் கையெழுத்துக் கோழி கிண்டியது மாதிரி என்று சொல்லி, ஒட்டுத்தாளில் தானே அச்செழுத்துப் போல எழுதுவாள்.

றிப்னாவுக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு வருத்தம், மூச்சிரைப்பு நோய். வாடைக்காற்று தொடங்கினால் நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரிச் சத்தம் கேட்கும். ஆனால் அதோடு வாழப் பழகியிருந்தாள். கைப்பையில் எப்போதும் மருந்துப் பம்பு இருக்கும். மதிலுக்கு அப்பால் ஆலையில் நெல் அவிக்க உமி எரிப்பார்கள். அந்தப் புகை வரும்போது ஜன்னலைச் சாத்துவாள். கொடியில் கிடக்கிற துணியில் கரித்துகள் விழுந்தால், "மாமாட மில்லு முத்திரை குத்தியிரிக்கி" என்பாள். ஸைனுலாப்தீனும் அதைக் கேட்டுச் சிரிப்பார்.

அந்த வருஷம் நாடு கிடந்த கிடை எல்லோருக்கும் தெரியும். பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, மருந்தில்லை. காஸ் திரும்பி வந்த பிறகும் சிபானா சிலிண்டரைத் தொடாமல், விறகே எரியாத அடைமழை நாளுக்கென்று வைத்திருந்தாள். குசினியின் மூலையில் கல்லடுப்பு மூட்டி விறகில் சமைக்கப் பழகிவிட்டாள். றிப்னாவின் பம்பு கல்முனையில் கிடைக்காமல் அக்கரைப்பற்றில் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் ஒன்று வாங்கினாள். அதையும் எண்ணி எண்ணித்தான் அடிக்கச் சொன்னாள்.

டிசம்பர் முதல் கிழமை வங்காள விரிகுடாவில் ஒரு புயல் சுழன்றது. ஏழாந் திகதி பின்னேரமே வானம் ஒரு மாதிரியாகிவிட்டது. எட்டாந் திகதி, வியாழக்கிழமை, விடிந்தபோது சூரியன் இருக்கிற இடம் தெரியவில்லை. மூடுபனி போலத்தான் இருந்தது. ஆனால் பனியின் ஈரவாசம் இல்லை, தொண்டையில் கரகரத்தது. பள்ளிவாசல் மினாரா தெருமுனையிலிருந்து பார்க்க நிழல் மாதிரித் தெரிந்தது. இந்தக் கரையில் யாரும் பழகாத குளிர். காற்றில் அழுக்குக் கூடிவிட்டது, வெளியே திரிய வேண்டாம் என்று கைத்தொலைபேசியில் செய்தி வந்தது. மறுநாளைக்குப் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். குளிர் தாங்காமல் மாடுகள் செத்ததாக எல்லாப் பக்கத்திலிருந்தும் கதை வந்தது.

அன்று காலை றிப்னா வழக்கம்போல் திகதி எழுதிப் போத்தலை வைத்துவிட்டுக் கீழே வந்தாள். பகலுக்குள் மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. சிபானா வேலைக்குப் போகவில்லை. ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி, கதவிடுக்கில் துணியைத் திணித்தாள். பிள்ளைக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள், கஞ்சி காய்ச்சினாள், குடிக்கச் சுடுதண்ணி வைத்துக்கொண்டேயிருந்தாள்.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு மதிலுக்கு அப்பால் உமிப்புகை எழும்பியது. மேலே போகாமல், தட்டுக்கு மேல் படுத்தபடி வீட்டுப் பக்கம் வந்தது. சிபானா தகரக் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

"காக்கா, இண்டைக்கு மட்டும் நிப்பாட்டுங்க. புள்ளைக்கு ஏலாம இரிக்கி."

ஸைனுலாப்தீன் அடுப்பு வாயில் நின்றார். "ராவு ஊறப்போட்ட நெல்லு புள்ள. அவிக்காம விட்டா நாறிடும். இந்த ஒரு தொட்டிதான். மஃரிபோட நிப்பாட்டிடுறன்."

சொன்னபடியே பொழுதுபட்டு மஃரிபோடு நிறுத்தினார். வந்து மருமகளையும் பார்த்தார். நெற்றியில் கை வைத்து ஓதி ஊதிவிட்டு, "ஒண்டுமில்ல மகள், விடியச் சரியாப் போகும்" என்றார். இருட்டின பிறகு தூறல் விழுந்தது. விடிய, சுபஹ் பாங்குக்குச் சற்று முன், பம்பு வெறும் காற்றைக் கக்கியது. காக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவர் ஓட்டோவோடு வந்தார். வைத்தியசாலையில் அவர்களால் ஆனதெல்லாம் செய்தார்கள். ஏழரை மணிக்கு றிப்னாவின் மூச்சு நின்றது.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆவோடு தொழுவித்து அடக்கினார்கள். தகப்பன் வந்து சேர வழியில்லை. பிள்ளையின் மையத்தைக் கபுருக்குழிக்குள் இறங்கி வாங்கியவர் மாமா ஸைனுலாப்தீன்தான். உடுப்பெல்லாம் மண்ணும் ஈரமுமாக அவர் திரும்பி வந்தபோது, சிபானா வாசலில் நின்றாள். வீடு நிறையப் பெண்கள். எல்லோரும் கேட்கத்தான் சொன்னாள்.

"ஒரு தொட்டி நெல்லுக்காக என்ட புள்ளய எடுத்திட்டீங்க காக்கா. இனி இந்த வாசலால வராதீங்க."

அவர் அப்படியே திரும்பிப் போனார். அன்றைக்கே சிபானா தகரக் கதவுக்குத் தன் பக்கத்திலிருந்து பூட்டுப் போட்டாள். கட்டாரிலிருந்து கதறிய றிஸ்வானுக்கும் அதையே சொன்னாள்: மில்லுப் புகைதான் பிள்ளையைக் கொண்டுபோனது.

மூன்றாம் நாள் விதுஷா தன் தாயோடு வந்தாள். போத்தலைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. சிபானாவே எழும்பிப் போய், தட்டிலிருந்து அதை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தாள். கால்வாசிக்குத்தான் தண்ணீர் இருந்தது. கொஞ்சம் சாம்பல் நிறம். மேலே மகளின் அச்செழுத்தில் திகதி. உரிய நேரத்தில் எடுக்காத போத்தல். ஆனால் தூறல் வெள்ளி விடிய நின்ற பிறகு வேறு மழை விழவில்லை.

"இதுக்குள்ள என்ன இரிக்கி எண்டு பாத்துச் சொல்லுங்க. அந்த மில்லுட புகை இதுக்குள்ள இரிக்கி. எனக்கு அது கடுதாசில வேணும்."

விதுஷா போத்தலை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

உடனே பார்க்க முடியவில்லை. உப்புகளைப் பிரித்துக் காட்டுகிற இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. உதிரிப்பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், நாட்டில் டொலர் இல்லை. எல்லாப் போத்தல்களும் ஆய்வுகூடத்து உறைகுளிர்ப் பெட்டிக்குள் போயின. அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்வது சிபானாவின் வேலை. மின்சாரம் வெட்டுகிற நாளெல்லாம் அவள் ஐஸ் கட்டிகளைப் பையில் கட்டி, எட்டாந் திகதிப் போத்தலைச் சுற்றி அடுக்குவாள். அது இளகிவிடக்கூடாது. வழக்காடப் போகிறவன் காணி உறுதிப்பத்திரத்தைக் காப்பது போல அதைக் காத்தாள்.

ஒன்றரை வருஷம் போனது. பக்கத்துப் பக்கத்து வளவில் இருந்துகொண்டு அண்ணனும் தங்கையும் பேசவில்லை. ஸைனுலாப்தீன் புகைக்குழாயைப் பதினைந்து அடி உயர்த்தினார். கொடித் துணியில் கரி விழுவது நின்றுபோனது. சிபானா அதைக் கண்டாள், கண்டதாகக் காட்டவில்லை. தெருவில் எதிரே வந்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபக்கம் போவாள். அவர் மெலிந்துபோனதையும் தாடி முழுக்க நரைத்துவிட்டதையும் அந்த ஓரப்பார்வையிலேயே அறிந்தாள்.

இருபத்துநாலாம் ஆண்டு ஜூலையில், கச்சான் காற்று வீசி ஒலுவில் மணலெல்லாம் வளாகத்துப் படிக்கட்டில் ஏறிய ஒரு பகலில், விதுஷா அவளைத் தன் மேசைக்குக் கூப்பிட்டாள். கதிரையை இழுத்துப் போட்டு, கதவைச் சாத்தினாள்.

"அக்கா, முடிவு வந்திட்டு. ஆறுதலாக் கேளுங்க. நான் ஒண்டையும் கூட்டியும் சொல்ல மாட்டன், குறைச்சும் சொல்ல மாட்டன்."

மேசையில் மூன்று தாள்கள். மூன்று ஊர்ப் போத்தல்கள், ஒரே திகதி. விதுஷா பேனையால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள்.

"இது கடலுப்பு. கரையோரத்தில எந்த நாளும் இருக்கிறது. இது சல்பேற், கந்தகப் புகை மாறி உண்டான உப்பு. மத்த நாளை விட அண்டைக்குப் பல மடங்கு. இதப் பாருங்க, ஒலுவில்லயும் அதே அளவு, உங்கட வீட்டிலயும் அதே அளவு, எங்கட பெரியநீலாவணையிலயும் கிட்டத்தட்ட அதே அளவு. உமியில கந்தகம் கொஞ்சந்தான் இருக்கு. ஒரு மில்லால மூணு ஊருக்கும் இத ஒரே மாதிரிக் குடுக்கேலாது."

"அப்ப எங்கால வந்த?"

"காத்து வந்த வழியப் பின்னுக்குப் போய்ப் பார்க்கிற கணக்கொண்டு இருக்கு. வடக்கால, கடலுக்கு அங்கால இருந்து வந்திருக்கு. ரெண்டு மூணு நாள் வழி. புயலோட ஓரத்து மேகங்களுக்குள்ளால வந்திருக்கு. எத்தினை மேகத்துக்குள்ள பூந்து வந்திருக்குமெண்டு எனக்குத் தெரியா. பெரிய மேகங்கள் கொஞ்சத்தை மேல தூக்கி எங்கயோ கொண்டு போயிருக்கும். பெய்ஞ்ச மேகங்கள் கொஞ்சத்தைக் கடல்லயே கழுவி விட்டிருக்கும். பெய்யாமக் காஞ்ச மேகங்கள் விட்டுட்டுப் போனது குளிரோட கீழ இறங்கி நம்மட ஊர்ல உட்கார்ந்திட்டு. அதுக்குள்ள எந்தத் தொழிற்சாலை, எந்தக் கப்பல், எந்த வயல் எண்டு பேர் சொல்லிப் பிரிக்க இப்ப ஆராலயும் ஏலாது. எல்லாம் மேகத்துக்குள்ள ஒண்டாக் கரைஞ்சிட்டு."

சிபானா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருஷமாகக் காவல் காத்த சாட்சி வாய் திறந்து வேறெதையோ சொல்கிறது.

"அப்ப மில்லு ஒண்டுமே செய்யல்லயா?"

விதுஷா நடுத் தாளைத் திருப்பி இன்னோர் இடத்தைக் காட்டினாள்.

"இது பொட்டாசியம். செடி கொடி எரிஞ்சா வாறது. இது மூணு ஊரிலயும் இருக்கு. ஆனா உங்கட போத்தல்ல மத்த ரெண்டையும் விடக் கூட. அந்தக் கூடின பங்கு பக்கத்தில எரிஞ்சதுதான்."

"உமி."

"உமியும் தரும் அக்கா." விதுஷா குரலைத் தாழ்த்தினாள். "விறகும் தரும். ரெண்டுக்கும் ஒரே அடையாளந்தான். எனக்குப் பிரிச்சுச் சொல்லேலாது."

சிபானா தாளைத் தன் பக்கம் இழுத்து, அந்த எண்ணை விரலால் தொட்டாள்.

"இன்னொண்டையும் சொல்லோணும்" என்றாள் விதுஷா. "மழைத் தண்ணி மேல இருந்ததச் சொல்லும். றிப்னா தங்கச்சி சுவாசிச்சது வீட்டுக்குள்ள இருந்த காத்து. ஒரு போத்தல வச்சு ஒரு உயிர் ஏன் போச்செண்டு சொல்ல என்னால மட்டுமில்ல, ஒருத்தராலயும் ஏலாது. நீங்க கேட்டபடியால் காட்டினன். வேற ஆராவது கேட்டிருந்தாலும் இதுதான்."

சிபானா நன்றி சொல்லிவிட்டு எழும்பினாள். கழுவக் கிடந்த குடுவைகளையெல்லாம் கழுவி முடித்தாள். பஸ்ஸில் நிந்தவூர் வரும்வரை ஒன்றும் நினைக்கவில்லை. காரைதீவுச் சந்தியில் பஸ் நின்றபோதுதான் அந்த வியாழக்கிழமை முழுதாக அவள் கண்ணுக்குள் வந்தது. சாத்திய ஜன்னல்கள். கதவிடுக்கில் திணித்த துணி. கொத்தமல்லி, கஞ்சி, ஓயாமல் வைத்த சுடுதண்ணி. முந்தின கிழமை மழையில் நனைந்த விறகு. ஊதி ஊதி எரித்தது. பிள்ளை படுத்திருந்த அறைக்கும் குசினிக்கும் நடுவே ஒரு சீலைத் திரைதான். சிலிண்டர் மூலையில் அப்படியே இருந்தது.

அவளுக்கு அது தெரியாத விஷயமில்லை. அன்றைக்கே, மையத்து வீட்டில் இருக்கும்போதே, ஒரு கணம் நெஞ்சில் வந்து தைத்ததுதான். வந்த வேகத்தில் அதை மதிலுக்கு அப்பால் எறிந்துவிட்டாள். காக்கா வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அசர் தொழுதாள். தொழுகைப் பாயில் நெடுநேரம் இருந்தாள். பிறகு போய் தகரக் கதவின் பூட்டைத் திறக்கப் பார்த்தாள். துரு பிடித்து, சாவி ஓட்டையில் திறப்பு சுற்றவில்லை. தேங்காயெண்ணெய் விட்டு, கல்லால் தட்டித்தான் திறந்தாள். அந்தச் சத்தம் கேட்டு, ஆலை முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்த ஸைனுலாப்தீன் எழும்பி நின்றார். வேலையாட்கள் போய்விட்டிருந்தார்கள். காயப்போட்ட நெல்லில் புறாக்கள் மேய்ந்தன.

"வா புள்ள" என்றார். கதிரையை அவள் பக்கம் தள்ளினார்.

சிபானா உட்காரவில்லை. நின்றபடியே விதுஷா சொன்னதைச் சொல்லத் தொடங்கினாள். மூன்று ஊர்ப் போத்தல், ஒரே அளவு உப்பு, கடலுக்கு அப்பாலிருந்து மேகத்தோடு மேகமாக வந்தது. பொட்டாசியக் கதைக்கு இன்னும் வரவில்லை. ஸைனுலாப்தீன் தலையைக் குனிந்து கேட்டார். அந்த இடத்தில் நிமிர்ந்தார்.

"அப்ப எனக்குப் பங்கில்ல எண்டு சொல்லவா வந்த?"

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்தால் யாரும் சொல்லியிருப்பார்கள். சிபானாவுக்கும் நாக்கு நுனியில் வந்தது.

"இல்ல காக்கா. பங்கு இரிக்கி. எவ்வளவெண்டு ஆருக்கும் தெரியா. கொஞ்சம் இரிக்கி." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அதுல ஒங்கட உமி எவ்வளவு, என்ட விறகு எவ்வளவு எண்டும் தெரியா. அண்டைக்கு முழுக்க நான் அடுப்ப அணைக்கல்ல காக்கா. எல்லாத்தையும் சாத்திப் போட்டு உள்ளுக்குள்ள எரிச்சன். புள்ளைக்குச் சுடுதண்ணி வைக்கத்தான் எரிச்சன்."

ஸைனுலாப்தீன் நெல்லைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"மஃரிபுக்குப் பிறகு வந்தன்தானே. குசினி முழுக்கப் புகை. கண்ணெரிஞ்சிச்சி. அடுப்ப நூத்து அணைச்சிட்டு ஜன்னலத் திற புள்ள எண்டு சொல்ல வந்தன். நீ என்ட முகத்தையே பாக்காம நிண்டாய். நான் புகை விட்டுட்டு வந்த ஆள், என்ன வாயோட சொல்ல? சொல்லாமப் போயிட்டன்." குனிந்து ஒரு பிடி நெல்லை அள்ளினார். "அண்டைக்குச் சொல்லியிரிக்கணும். அதுதான் புள்ள என்னத் தின்னுது. நெல்லில்ல."

"பிறகாவது சொல்லியிரிக்கலாமே காக்கா. ஊரெல்லாம் ஒங்களத்தானே கதைச்சது. நான்தானே கதைக்க வச்சன்."

"பெத்தவளுக்கிட்டப் போய் அதச் சொல்ற ஆளா நான்?" என்றார். "ஒனக்கு ஆரையாவது கோவிக்க வேணுமா இருந்திச்சி. நான் பக்கத்தில இருந்தன்."

சிபானா அப்போதுதான் அழுதாள். மகள் போனதற்கு அழுத அழுகை வேறு. அதில் கோபம் பாதி கலந்திருந்தது. இது நெஞ்சின் அடியிலிருந்து, சத்தமில்லாமல் வந்தது. கதிரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஸைனுலாப்தீன் பக்கத்தில், சீமெந்துத் தளத்தில் குந்தினார். தொட்டு ஆறுதல் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. மஃரிப் பாங்கு சொல்லும் வரை எழும்பாமல் இருந்தார், அவ்வளவுதான்.

தொழப் போகும்போது, "புகைக்குழாய உசத்தினேனே, அது காணாதா?" என்று கேட்டார்.

"ஒங்கட தலைக்கு மேலால போகுது காக்கா. அங்கால ஆருட தலையிலயோ விழும். இல்லாமப் போகல்ல."

அவர் அதை யோசித்துக்கொண்டே போனார். அடுத்த மாதம் ஆலையில் நெல் அவிப்பதை நிறுத்தி, அக்கரைப்பற்றிலிருந்து ஒரு இரும்பு வேலைக்காரரைக் கூட்டிவந்து அடுப்பைப் பிரித்தார். புகை தண்ணீருக்குள்ளால் போய் வருகிற மாதிரி ஒரு தொட்டி கட்டினார்கள். முதல் தடவை சரிவரவில்லை, தண்ணீர் அடுப்புக்குள் ஏறிவிட்டது. இரண்டாந் தடவை சரிவந்தது. சாம்பலில் பெரும்பங்கு தண்ணீரில் நின்றது. வாயு எல்லாம் நிற்காது என்று விதுஷா வந்து பார்த்துச் சொன்னாள். அவர் அதற்கும் தலையாட்டினார். சிபானா தன் குசினிக் கல்லடுப்பை உடைத்துக் கற்களை முற்றத்தில் போட்டாள். பத்து மணிக்கு அவள் வேலையில் இருப்பாள், தேத்தண்ணி ஊற்ற றிப்னாவும் இல்லை. ஆகவே ஸைனுலாப்தீன் இப்போது பின்னேரத் தேத்தண்ணிக்கு வருகிறார். இரண்டு பேரும் அதிகம் பேசுவதில்லை. றிப்னாவின் பெயர் வந்தால் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வேறு கதைக்குப் போவார்கள். ஊரில் பரவிய கதையைத் திருத்த சிபானா வீடு வீடாகப் போகவில்லை. ஆனால் யாராவது, "காக்காவோட ஒத்துமையாகிட்டயாமே, எப்புடிகா மனசு வந்த?" என்று கேட்டால், "பிழை என்டதிலயும் இரிந்திச்சி" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

ஆனால் இன்னும் ஓர் ஆளிடம் சொல்ல வேண்டியிருந்தது. அதை அவள் மூன்று மாதம் தள்ளிப்போட்டாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் றிஸ்வான் பேசும்போது நாளைக்குச் சொல்வோம், வீட்டுக்கு வந்த பிறகு சொல்வோம் என்று விட்டுவிடுவாள். காக்காவோடு பேசத் தொடங்கிய செய்தியைக்கூட மறைத்தாள். ஒக்டோபரில், வாடை மழை முதல் தடவை நன்றாகப் பெய்து ஓய்ந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து அவன் அழைப்பெடுத்தபோது, வேறு எதையும் தொடங்காமல் அதைத்தான் தொடங்கினாள்.

எல்லாவற்றையும் கேட்டான். அவள் முடித்த பிறகு அவனுடைய பக்கம் வாகனங்கள் போகிற இரைச்சல்தான் கேட்டது.

"இரிக்கீங்களா?" என்றாள்.

"இரிக்கன்."

"ஏசுறதெண்டா ஏசுங்க."

"இல்ல" என்றான். பிறகு, "சிலிண்டர நான்தானே பாத்துப் பாவிக்கணும், வீணாக்காத எண்டு சொன்ன" என்றான்.

அவள் அதை மறந்தே போயிருந்தாள். மெய்தான். அந்த நவம்பரில் தொலைபேசியில் அப்படி ஒரு சொல் சொன்னான். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னான்.

அதற்குப் பிறகு றிஸ்வான் அழுதான். கல்யாணம் முடித்த இருபத்துநாலு வருஷத்தில், மகள் மௌத்தான அன்று தவிர, அவன் அழுது அவள் கேட்டதில்லை. அன்றைக்குக்கூட அவன் கத்தினான், இப்படி அழவில்லை. சிபானா படியில் உட்கார்ந்து, அவன் அழுது முடிகிற வரைக்கும், கைத்தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் இருந்தாள்.